பழைய டீசல் காரும் பத்தாயிரம் ரூபாய்க் கட்டணமும்

நம் வணிகப் பெருமக்களில் கணிசமானோர் வீட்டில், கொட்டகையிலோ கடைக்குப் பின்னால் உள்ள வேப்ப மரத்தடியிலோ, ஒரு பழைய டீசல் கார் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது அம்பாசிடராகத்தான் இருக்கும். சில வீடுகளில் பிரீமியர் பத்மினியின் டீசல் வண்டி, சற்று வசதியானவர்களிடம் கான்டசா. தொழிலுக்கு அது இன்று தேவையில்லை. சரக்கு எடுக்கச் சிறிய லோடு வண்டி வந்துவிட்டது. குடும்பத்துக்குப் புதுக் கார் இருக்கிறது. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஸ்பேனரும் கழிவுத் துணியுமாக நிற்பவர்கள் நம்மில் உண்டு. வீட்டார் அதை வீண் வேலை என்கிறார்கள். நாம் பொழுதுபோக்கு என்கிறோம். அந்தப் பொழுதுபோக்குக்கு இப்போது வந்திருக்கும் சோதனையைப் பற்றிச் சில கருத்துக்களைக் கூற விரும்புகிறோம்.

சொந்த உபயோகக் கார்களுக்கு முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இது நீண்ட காலமாக உள்ள சட்டம். இதில் நமக்குக் குறையில்லை. புதுப்பிக்கும் கட்டணம் ரூ.600 ஆக இருந்தது. 2021 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, 2022 ஏப்ரல் 1 முதல் அது ரூ.5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் மறு அறிவிப்பு வந்தது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு ரூ.10,000. இதற்கு மேல் நம் மாநிலத்தின் பசுமை வரி வேறு, இன்சூரன்ஸ் வேறு, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலையும் செலவு வேறு.

அறுநூறு ரூபாய் நான்கே ஆண்டுகளுக்குள் பத்தாயிரம் ஆனதைப் பார்த்துவிட்டு, பலர் புதுப்பிக்காமலே வண்டியை நிறுத்திவிட்டார்கள். சிலர் பழைய இரும்புக் கடைக்குப் பேசிவிட்டார்கள். வண்டியின் நிலை நன்றாக இருந்து, கட்டணத்துக்காக மட்டும் அதை உடைக்கக் கொடுப்பது சரியா என்பதே நம் கேள்வி.

முதலில், இந்த வண்டிகள் நம்மிடம் எப்படி வந்தன என்பதை இளைய உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். அம்பாசிடர் 1957 முதல் மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் தயாரானது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மறுபதிப்பு அது. வெகு காலம் பெட்ரோல் வண்டி மட்டுமே. 1980ஐ ஒட்டித்தான் 1489 சி.சி. டீசல் எஞ்சின் அதில் வந்தது. அதுவும் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த எஞ்சினே. சுமார் நாற்பது குதிரைத்திறன்தான். வேகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மலைப்பாதையில் லாரிக்குப் பின்னாலேயே ஊர வேண்டியதுதான். ஆனால் அந்நாளில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை வித்தியாசம் பெரிது. வாரம் இருமுறை வெளியூர் வசூலுக்குப் போகிறவருக்கும், விளைச்சல் காலத்தில் ஊர் ஊராகச் சரக்கு பார்க்கப் போகிறவருக்கும் அதில் மிச்சமான பணம் சிறிதல்ல. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் இரண்டு மூட்டை அரிசியும் எண்ணெய் டின்னும் போட்டாலும் பின் பட்டை வில்கள் முனகாமல் தாங்கின. கடைக்காரருக்கு வேண்டியது அதுதான்.

அந்த விலை வித்தியாசம் இன்று பழைய அளவில் இல்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு விலக்கிக்கொண்ட பின் அது சுருங்கிப் போனது. அதே ஆண்டு மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது. ஆகையால் சிக்கனத்துக்காகப் பழைய டீசல் காரை வைத்திருக்கிறேன் என்று எந்த வணிகராவது சொன்னால், அவர் கணக்கைச் சரியாகப் போடவில்லை என்றுதான் பொருள். ஆசைக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லட்டும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஒருவர் புறா வளர்க்கிறார், ஒருவர் பழைய நாணயம் சேர்க்கிறார், ஒருவர் டீசல் வண்டி வைத்திருக்கிறார்.

இந்த எஞ்சினில் அப்படி என்ன ஆசை என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். பழைய டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காயில் கிடையாது, கம்ப்யூட்டர் பெட்டி கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்தினால் அது பழுக்கக் காய்கிறது. அதில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹீட்டர் பிளக்குக்குச் சில விநாடி மின்சாரம் வேண்டும், ஸ்டார்ட்டருக்கு நல்ல பேட்டரி வேண்டும். ஓடத் தொடங்கிய பின் எஞ்சினுக்கு மின்சாரமே தேவையில்லை. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் தொட்டுக் குறையைக் கண்டுபிடிக்கக்கூடிய யந்திரம் இது. பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்த நம்மைப் போன்றவர்களுக்கும் இது பிடிபடும்.

புகையைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். கருப்புப் புகை வந்தால் டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் கிளீனர் அடைத்திருக்கும், அல்லது நாசில் தூவாமல் ஒழுகும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்துவிட்டது, செலவு வரும். வெள்ளைப் புகை காலையில் சிறிது நேரம் வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. ஹீட்டர் பிளக்கில் ஒன்று போயிருக்கலாம். எஞ்சின் சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். அந்நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது.

அதிகம் தொல்லை தருவது ஏர் பிடிப்பது. டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாயில் எங்காவது ஒரு வாஷர் தேய்ந்து மயிரிழை இடைவெளி இருந்தாலும், டீசல் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும். இரவு நிறுத்திய வண்டி காலையில் சுற்றிச் சுற்றியும் பற்றாது. பேட்டரியைக் காலி செய்வதில் பயனில்லை. பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, லிப்ட் பம்பின் கை நெம்பை அடித்து, நுரையில்லாமல் தெளிந்த டீசல் வரும் வரை விட வேண்டும். பின் இன்ஜெக்‌ஷன் பம்பின் திருகு. அதற்கும் மசியாவிட்டால் நாசில் குழாய்களின் நட்டைத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். இதைத் தெரிந்துகொண்டவருக்கு நடுவழியில் நின்றாலும் பயமில்லை. ஒரே எச்சரிக்கை: நாசில் தூவுவதைக் கையை நீட்டிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். விரலையே எடுக்கும்படி ஆகும்.

அம்பாசிடரின் பி.எம்.சி. எஞ்சினில் இருப்பது சுழல் பம்ப். அதற்குத் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதற்கு மசகு. ஆகவே மண்ணெண்ணெய் கலந்த டீசலை மலிவு என்று ஊற்றியவர்கள் பம்புக்குக் கொள்ளி வைத்துக்கொண்டவர்கள். தண்ணீர் கலந்திருந்தாலும் அப்படியே. டீசலும் இப்போது முன்போல் இல்லை. 1990களின் தொடக்கத்தில் நூறில் ஒரு பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்ற நிலை இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கிடைப்பது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு மட்டுமே கந்தகமுள்ள பி.எஸ். 6 டீசல். ஊர்க் காற்றுக்கு இது மிக நல்லது. கந்தகத்தை நீக்கும்போது குறையும் வழவழப்பை ஈடு செய்யக் கம்பெனிகளே மருந்து கலந்து அனுப்புகின்றன. ஆனால் பழைய டீசலில் ஊறிப் பழகிய ரப்பர் சீல்கள் புது டீசலில் சுருங்கிக் கசிவதுண்டு. பம்ப் கசிந்தால் உடனே வண்டிக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சீல் செட்டை மாற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி அளவு வைத்தால் போதும். கேட்கும்போதே உயர் ரக சீல் செட்டாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நிறுத்தி வைப்பதுதான் இந்த வண்டிகளைக் கொல்கிறது. மாதக்கணக்கில் நின்றால் டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்து துருவாகும். அந்தத் துரு நேராகப் பில்டருக்கு வரும். பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கொட்டகையிலேயே ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது போதாது. அது எஞ்சினுக்குக் கெடுதல்கூட. நன்றாகச் சூடேறும் வரை பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். முன் சக்கர நிப்பிள்களுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். அம்பாசிடரின் ஸ்டியரிங் கனக்கிறது என்று குறை சொல்பவர்களில் பாதிப் பேர் கிரீஸ் அடிக்காதவர்கள்.

உதிரி பாகத்துக்கு வருவோம். இது வணிகம் சம்பந்தப்பட்டது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் இன்றும் தேடினால் கிடைக்கிறது. புதுப்பேட்டையில் கழற்றிய சரக்கு. பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். இந்த எஞ்சின் இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளிலும் ஏராளமாகப் பொருத்தப்பட்டது. ஆகையால் அதன் கேஸ்கெட்டும் பிஸ்டனும் அங்கே இன்னும் விற்கிற சரக்கு. நம் ஊர்க் கடைகளில் விற்காமல் கிடக்கும் பழைய சரக்குக்கு அங்கே கேட்பாரும் இருக்கிறார்கள் என்பதை உதிரி பாக வணிகர்கள் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது வரவேற்கத்தக்கது.

வருந்தத்தக்கது போலிச் சரக்கு. பழைய கம்பெனிப் பெட்டியைப் போலவே அச்சடித்த பெட்டியில் மட்ட நாசிலை வைத்துக் கொடுக்கிறார்கள். நமக்கே ஒரு கடையில் அப்படி ஒரு செட் தந்தார்கள். மூன்றே மாதத்தில் கருப்புப் புகை கக்கியது. திருப்பிக் கொண்டுபோனபோது பில் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பில் போடாமல் விற்றவரே பில் கேட்பது நம் தொழிலுக்கு எத்தனை கேடு! மளிகையில் கலப்படம் செய்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். நாசிலில் செய்தால் அவர் வண்டியையே விற்றுவிடுவார். அதன்பின் உதிரி பாகக் கடைக்கு வர அவருக்கு வேலையே இல்லை. இன்னொன்று, பழைய சரக்கிலும் ரப்பர் சாமான்களை வாங்கக் கூடாது. இருபது ஆண்டு பெட்டியில் இருந்த பிரேக் வாஷர் அசல் கம்பெனிச் சரக்காக இருந்தாலும் செத்த சரக்குதான்.

எதிர்த்தரப்பில் சொல்லப்படுவதையும் நாம் ஒளிக்கக் கூடாது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012 ஜூனில் உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் புகையை நாள் முழுதும் சுவாசிப்பவர் யார்? கடைவீதியில் பதினான்கு மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாமும் நம் கடைப் பையன்களும்தான். பழைய வண்டிகளுக்குப் புகை அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அது ஒன்றும் கடுமையான விதியல்ல. நாசிலும் பம்பும் ஏர் கிளீனரும் ஒழுங்காக இருந்தால் நாற்பது வயது எஞ்சினும் தாண்டாது. தாண்டுகிற வண்டியை, அது அப்பா வாங்கிய வண்டியானாலும், சரி செய்யும் வரை தெருவில் இறக்கக் கூடாது. சோதனைக்குப் போகாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்குபவர்களால்தான் முறையாக வைத்திருப்பவர்களுக்கும் கெட்ட பெயர். அவர்களுக்காக நாம் வாதாடவில்லை.

நாம் வாதாடுவது வயதைப் பார்க்காதே, நிலையைப் பார் என்பதற்காக. டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2025 ஜூலையில் அத்தகைய வண்டிகளுக்குப் பம்பில் டீசலே ஊற்றக் கூடாது என்று தொடங்கி, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். டெல்லியின் காற்று வேறு, நம் காற்று வேறு. தமிழ்நாட்டில் அப்படி வயது வைத்து ஓட்டத் தடையில்லை. ஆனால் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போவதும் மெதுவாகச் செய்யும் தடைதான். மாதம் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியும், தினம் இருநூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியும் ஒரே கட்டணம் கட்டுகின்றன. புகையில்லாத வண்டிக்கும் புகை கக்கும் வண்டிக்கும் அதே ரசீது. இதில் காற்றுக்கு என்ன லாபம் என்று விளங்கவில்லை.

பாரம்பரிய வாகனம் என்று ஒரு வழி இருக்கிறதே என்பார்கள். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த, அசல் நிலையில் உள்ள வண்டிகளைத் தனி வரிசை எண்ணில் பதிவு செய்யலாம். கட்டணம் ரூ.20,000, பத்து ஆண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, டீசல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே தெருவில் எடுக்கலாம். இதில் நம் டீசல் அம்பாசிடர் எங்கே வருகிறது? 1980ஐ ஒட்டி வந்த எஞ்சின் இன்னும் ஐம்பதைத் தொடவில்லை. அதற்கும் பழைய பெட்ரோல் அம்பாசிடரில் மெட்டடார் வேன் எஞ்சினை ஏற்றி ஓட்டியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அவை ஐம்பதைத் தாண்டியிருந்தாலும் அசல் எஞ்சின் இல்லாததால் இதில் சேராது. (அப்படி மாற்றியவர்கள் ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணும் எரிபொருளும் திருத்தப்பட்டுள்ளனவா என்று இப்போதே எடுத்துப் பார்த்துக்கொள்ளவும். இல்லையென்றால் புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர்களிடமும் மாட்டிக்கொள்வீர்கள்.) ஆக, இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவிலுள்ள முப்பது ஆண்டு, ஆதரிப்பாரில்லாத காலம்.

மோட்டார் தொழிலுக்குப் பேர்போன ஜெர்மனியில் 1997 முதல் ஒரு முறை இருக்கிறது. 30 ஆண்டு கடந்த வண்டியை நிபுணர் ஒருவர் சோதித்து, அசல் நிலையில் நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது என்று சான்றளித்தால், நம்பர் பலகையில் ஒரு தனி எழுத்துத் தருகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 191 யூரோ ஒரே சீரான வரி. நகரங்களின் புகைக் கட்டுப்பாட்டு எல்லைக்குள்ளும் அவை போகலாம். டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த நாடு அது. பழைய பென்ஸ் டீசல்களை அங்கே பேரப்பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். அவர்கள் நம்மைவிடக் காற்றைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் அல்ல. நிலையைப் பார்த்துச் சான்று, அதன்பின் சலுகை. இதுதான் நாம் கேட்பதும்.

எனவே நம் சங்கம் அரசுக்கு அனுப்பும் கோரிக்கைகளில் இதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து. பாரம்பரிய வாகன வயதை 50லிருந்து 30ஆகக் குறைக்க வேண்டும். புகைச் சோதனையில் வரம்புக்கு வெகுவாகக் கீழே நிற்கும் வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணம் குறைய வேண்டும். சோதனை கடுமையாக இருக்கட்டும், யந்திரமே அளவு சொல்லட்டும். அதற்கு நாம் தயார். சங்கத்துக்கு ஜி.எஸ்.டி., உரிமக் கட்டணம், உணவுப் பாதுகாப்புச் சட்டம் என்று தலைபோகிற வேலைகள் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். இந்த வண்டிகளை நம்பிப் பம்ப் வேலை செய்பவர், ரேடியேட்டர் ஈயம் வைப்பவர், வில் பட்டை அடிப்பவர், உதிரி பாகச் சிறு கடைக்காரர் என்று ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் சிறு வணிகர்களே. அந்தப் பட்டறைகளில் பாதி மூடியாயிற்று. பழைய பம்பைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்களில் பலருக்கு அறுபது கடந்துவிட்டது. பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வரவில்லை.

கடைசியாகக் கணக்கு விஷயம். ஆசைக்கு வைத்திருக்கும் வண்டியின் செலவைக் கடைக் கணக்கில் எழுதாதீர்கள். தொழிலுக்கு ஓடாத காருக்குப் பழுதுச் செலவும் டீசலும் கடைச் செலவாகக் காட்டினால் வருமான வரித் துறையில் ஒருநாள் பதில் சொல்ல வேண்டிவரும்; இத்தகைய கார்களின் ஜி.எஸ்.டி. உள்வரியையும் எடுக்க முடியாது. சொந்தக் கணக்கில் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, அதற்குள் வண்டியை ஓட்டுங்கள். பதிவு புதுப்பிக்கும் ரூ.10,000 ஐந்து ஆண்டுக்கு என்றால் மாதம் 167 ரூபாய் சில்லறை. கட்டணம் அநியாயம் என்று எழுதிய கையாலேயே இதையும் எழுதுகிறோம். கோரிக்கைக்குப் பதில் வரும் வரை, நல்ல நிலையில் உள்ள வண்டியை இந்தத் தொகைக்காகப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம்.

உதிரி பாகம் விற்கும் உறுப்பினர்கள், தங்கள் கடை மாடியில் கிடக்கும் பழைய அம்பாசிடர், பத்மினி, கான்டசா டீசல் சரக்கைப் பட்டியல் எடுத்துச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், தேவைப்படும் உறுப்பினர்களுக்கு உதவியாக இருக்கும். நாசில், பிஸ்டன், கிராங்க் பேரிங் என்று பெயரும் அளவும் எழுதினால் போதும். ரப்பர் சாமான்களை எழுத வேண்டாம்.